மாயாவியை மறுபடி படமாக்கினால் கதையை யார் பக்கமிருந்து சொல்ல வேண்டும்?

4 ஜனவரி

நண்பர் ஒருவர் கேட்டது இது: "மாயாவி 1936-ல் பிறந்த பாத்திரம். காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர், மண்டை ஓட்டுச் சிம்மாசனம், சுற்றிலும் அவருக்குப் பணிவிடை செய்யும் குள்ள மனிதர்கள். இன்றைக்கு இதைப் படமாக எடுத்தால் யார் ஏற்பார்கள்? மாற்றி எடுக்க வழி உண்டா, இல்லை அப்படியே விட்டுவிடுவதுதான் அவருக்கு மரியாதையா?"

விடக் கூடாது என்பது என் கட்சி.

லீ ஃபாக் என்ற எழுத்தாளர் 'தி ஃபேன்டம்' என்ற பெயரில் இந்தச் சித்திரக்கதையை அமெரிக்கச் செய்தித்தாள்களில் தொடங்கியது 1936 பிப்ரவரி 17 அன்று. சூப்பர்மேன் வந்தது 1938-ல், பேட்மேன் 1939-ல். உடம்போடு ஒட்டிய உடையும் கருவிழி தெரியாத முகமூடியும் அவர்களுக்கு முன்பே இவரிடம் இருந்தன. ஆனால் முன்னோடி என்பதற்காக மட்டும் ஒருவரை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. காரணம் வேறு. இவர் சாகிறவர். பறக்க மாட்டார், குண்டு பட்டால் ரத்தம் வரும். சாவே இல்லாதவர் என்று காடு முழுக்கச் சொல்கிறது. உள்ளே பார்த்தால் அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று 400 ஆண்டுகளாக ஆட்கள் அந்த உடைக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் படித்து வளர்ந்தவர் 21ஆவது ஆள்.

சாகிற ஒருவரைச் சாகாதவராக வைத்திருப்பது யார்? என் வாதம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

(ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாயாவி, லயன்-முத்து வாசகர்களுக்கு வேதாளர். நான் ராணி காமிக்ஸ் கோஷ்டி, அதனால் மாயாவி என்றே எழுதுகிறேன். இரும்புக்கை மாயாவி வேறு ஆள்.)

4 ஜனவரி, இரவு

இதற்கு முன் எடுத்தவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1943-ல் கொலம்பியா நிறுவனம் 15 பகுதித் தொடராக எடுத்தது, டாம் டைலர் நடித்தார். 1996-ல் பில்லி ஸேன் நடித்த படம் வந்தது, சைமன் வின்சர் இயக்கம். அந்தப் படத்தை நான் இன்றும் விரும்பிப் பார்ப்பேன். ஊதா உடையை வெட்கப்படாமல் போட்டார்கள். குதிரை, ஓநாய், மோதிரம் எல்லாம் இருந்தன. கதையை 1938-ல் வைத்தார்கள். குறை என்னவென்றால், மூன்று மாய மண்டை ஓடுகளைத் தேடும் புதையல் வேட்டையாகப் படம் போய்விட்டது. சாகாதவர் என்ற பேச்சு எப்படிப் பிறந்தது, அதை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதெல்லாம் முன்கதையாகச் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

பிறகு வந்த தொலைக்காட்சிக் குறுந்தொடர் எதிர்த்திசையில் போனது. நிகழ்காலம், கவச உடை, பயிற்சிக் கூடம் என்று கொண்டுபோனார்கள். காடு ஓரத்துக்குப் போய்விட்டது. காடு போனால் மாயாவியும் போய்விடுகிறார்.

7 ஜனவரி

இனி என் வாதம்.

சின்ன வயதில் மாயாவி படிக்கும்போது எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பெரியப்பா வீட்டுப் பரணில் பழைய இதழ்களைச் சணல் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அதில் குரன் வருவார், அந்தக் குள்ள மனிதர்களான பந்தார் மக்களின் தலைவர். மாயாவி காயத்தோடு வந்தால் மருந்து போடுவார், செய்தி சொல்வார், குகை வாசலில் நிற்பார். மாயாவிக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே தோழர். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது இதுதான்: மாயாவி செத்துப்போகிற அன்று குரன் என்ன செய்வார்? உடம்பைக் குகைக்குள் கொண்டுபோய் மற்ற 20 பேரோடு வைத்துவிட்டு, மறுநாள் வெளியே வந்து, "அவருக்கு ஏது சாவு" என்று சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். அழக்கூட முடியாது. எந்தக் கதையும் அந்த நாளை அவர் கண் வழியாக எனக்குக் காட்டவில்லை.

புதிய படம் அந்த நாளில் தொடங்க வேண்டும்.

1536-ல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து தப்பிக் கரை ஒதுங்கியவர் முதல் மாயாவி. கரையில் அரைப் பிணமாகக் கிடந்தவரை எடுத்துப் பிழைக்க வைத்தது பந்தார் மக்கள். அவர்கள் அப்போது வசாக்கா என்ற இன்னொரு கூட்டத்திடம் அடிமைகள். வசாக்காக்கள் வணங்கிய சிலையின் உருவத்தைப் பார்த்துத்தான் மாயாவியின் உடை செய்யப்பட்டது என்கிறது மூலக்கதை. அடிமைப்படுத்தியவர்கள் எதைக் கண்டு நடுங்குவார்களோ, அதையே உடுத்திக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றார்கள்.

இந்த யோசனை யாருடையது? ஃபாக் எழுதிய காலத்தில் கேட்காமலே வெள்ளைக்காரருடையது என்று ஆகிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கரை ஒதுங்கி மொழிகூடத் தெரியாமல் கிடந்த ஒருவருக்கு, வசாக்காக்களின் பயம் எப்படித் தெரியும்? தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அடிமையாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். உயரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. கடல் ஒருவரைக் கொண்டுவந்து போட்டது. திட்டம் பந்தார்களுடையது. உடைக்குள் நிற்க அவர் ஒப்புக்கொண்டார்.

இப்படிச் சொன்னால் மூலக்கதையில் ஒரு சம்பவத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கேமரா நிற்கும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். நண்பர் கேட்ட "பணிவிடை செய்யும் குள்ள மனிதர்கள்" என்ற படிமம் அங்கேயே உடைந்துவிடும். அவர்கள் வேலைக்காரர்கள் இல்லை, இந்த ஏற்பாட்டுக்கே சொந்தக்காரர்கள். மாயாவிதான் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர்.

8 ஜனவரி

"அப்படியானால் அது மாயாவியே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதைத் தொடக் கூடாது என்று நானும் சொல்லிவிடுகிறேன். கடற்கொள்ளையையும் அநீதியையும் அழிப்பதாக முதல் மாயாவி செய்த சத்தியம். எதிரிக்கு மண்டை ஓட்டு முத்திரையும் நண்பருக்குக் காப்பு முத்திரையும் பதிக்கும் மோதிரங்கள் இரண்டும். குகையும் அதில் முன்னோர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளும். உடைக்கு உள்ளே இருப்பவருக்கு எந்தச் சக்தியும் இல்லை என்பது. துப்பாக்கி வைத்திருந்தும் கொல்வதற்குச் சுடாமல் எதிரியின் கையிலிருக்கும் ஆயுதத்தைச் சுட்டுத் தள்ளுவது. இவற்றில் ஒன்று போனாலும் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

தோல் நிறம் அந்தப் பட்டியலில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 21ஆவது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் நடுவே 20 தலைமுறைத் திருமணங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அம்மாவின் பங்கு பாதி. பாதியில் பாதி என்று 20 முறை போனால், கரை ஒதுங்கிய அந்த மனிதரின் பங்கு 10,48,576-ல் ஒன்று. மூலக்கதையிலேயே இவர்கள் பல நாட்டுப் பெண்களை மணந்திருக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் 21ஆவது மாயாவி அச்சு அசலாக ஒரு ஆங்கிலேயரைப் போல இருப்பார் என்பதுதான் நம்ப முடியாதது. கலப்பு முகம் உள்ள ஒருவரை நடிக்க வையுங்கள். படத்தில் அதற்கு விளக்கம் சொல்லவே வேண்டாம்.

12 ஜனவரி

ஊதா நிறம் பற்றி ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபாக் முதலில் மனதில் வைத்திருந்தது சாம்பல் நிறம். செய்தித்தாளில் கருப்பு வெள்ளையாகத்தான் வந்தது. 1939-ல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது ஊதா வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அவர் நீலம். இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஆக ஊதாதான் உண்மை, மற்றது துரோகம் என்று சொல்ல இடமில்லை.

எனக்குப் பிடித்த வழி இது. தாவரச் சாயம் தோய்த்த துணி. புதிதாகப் போடும்போது ஆழ்ந்த ஊதா, மழையில் நனைய நனையச் சாம்பலுக்குப் போகும். காட்டுக்குள் நிழலில் நிற்கும்போது இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. ரப்பர் தசைகள் வைத்த கவசம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கண்ணுக்கும் ஒரு யோசனை. முகமூடிக்குள் கருவிழி தெரியாமல் வரைந்ததற்குக் கிரேக்கச் சிலைகள்தான் தூண்டுதல் என்று ஃபாக் சொல்லியிருக்கிறார். 1996 படத்தில் நடிகரின் கண் தெரிந்தது, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். புதிய படத்தில் இரண்டையும் வைக்கலாம். வெளியாட்கள் பார்வையில் வரும் ஷாட்டில் வெறும் வெள்ளை. குரன் பார்க்கும் ஷாட்டில் சாதாரண மனிதக் கண், தூக்கம் கெட்ட கண். யார் பார்வையில் இருக்கிறோம் என்று வசனம் இல்லாமலே புரிந்துவிடும்.

13 ஜனவரி

நேற்றுச் சேர்க்க விட்டுப்போன ஒன்று. பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், வாகி பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் சண்டைக் கேடயங்களில் மாயாவியைத் தீட்டியிருக்கிறார்கள். சாகாதவர் உருவம் முன்னால் இருந்தால் ஈட்டியும் அம்பும் என்ன செய்யும்? அந்தக் கேடயங்களின் படங்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவில் வரைந்த ஒரு உருவத்தை எடுத்துத் தங்கள் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்கள், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பந்தார் மக்கள் செய்ததாக நான் சொல்வதும் இதைத்தான்.

17 ஜனவரி

கதையை எந்தக் காலத்தில் வைப்பது? நான் முதலில் இன்றைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வில்லன்கூட மனதில் தயாராக இருந்தார். 2006-ல் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்கு புரோபோ கோவாலா என்ற கப்பல் கொண்டுவந்த நச்சுக் கழிவை இரவோடு இரவாக நகரைச் சுற்றிப் பல இடங்களில் கொட்டினார்கள். பல்லாயிரம் பேர் மூச்சுத்திணறலும் தலைவலியுமாக மருத்துவமனைக்கு ஓடினார்கள். கடற்கொள்ளைக்கு எதிராகச் சத்தியம் செய்த வம்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி ஏது?

ஆனால் ஒரு தம்பி கேட்ட கேள்வி என்னை நிறுத்திவிட்டது: "அண்ணே, எல்லார் கையிலும் செல்போன் இருக்கு, மேலே டிரோன் பறக்குது. 400 வருஷ ரகசியம் ஒரு வாரம் தாங்குமா?" தாங்காது. தாங்கும் என்று காட்ட வேண்டுமானால் படத்தில் பாதி நேரம் தொழில்நுட்ப விளக்கத்துக்கே போய்விடும்.

அப்புறம் எங்கே வைப்பது? 1930களுக்குத் திரும்பினால் பழைய சாமான் கண்காட்சி ஆகிவிடும். யோசிக்க வேண்டும்.

21 ஜனவரி

1960கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மாயாவியின் நாடு பங்கல்லா. (இந்திரஜால் காமிக்ஸ் வழி வந்தவர்களுக்கு டென்காலி.) ஆரம்பத்தில் ஆசியப் பக்கம் எங்கோ இருந்தது, பிற்பாடு ஆப்பிரிக்க நாடாக நிலைத்தது. 1960-ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஃபாக்கும் காலத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தவர்தான். பங்கல்லாவுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவராக லமாண்டா லுவாகா என்ற மருத்துவரைக் கொண்டுவந்தார். ரோந்துப் படையின் கர்னலாக வீக்ஸ் என்ற வெள்ளைக்காரர் இருந்த இடத்துக்குப் பிறகு வொருபு என்ற ஆப்பிரிக்கர் வந்தார்.

இந்த ரோந்துப் படையில்தான் எனக்குப் படமே தெரிகிறது. ஜங்கிள் பேட்ரோல் என்ற அந்தப் படையின் உச்சத் தளபதி யார் என்று படையில் யாருக்கும் தெரியாது. தலைமையகத்தில் ஒரு பெட்டகம் இருக்கும். விளக்கு எரிந்தால் உள்ளே உத்தரவு வந்திருக்கிறது என்று பொருள். பெட்டகத்தின் அடியில் சுரங்கம், சுரங்கம் முடிவது ஒரு பழைய கிணற்றில். மாயாவி அந்த வழியாக வந்து சீட்டை வைத்துவிட்டுப் போவார். சின்ன வயதில் எனக்கு இது எவ்வளவு பிடித்தது!

இப்போது லுவாகாவாக நின்று பாருங்கள். சிறை, மிரட்டல், தேர்தல் என்று எல்லாம் தாண்டி நாட்டுக்குத் தலைவராக வந்திருக்கிறீர்கள். ஆயுதம் தாங்கிய ஒரு படை உங்கள் மண்ணில் இருக்கிறது. அதற்குக் கட்டளையிடுபவர் யார் என்று உங்களுக்கே தெரியாது. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற பதவி. நல்லவர்தான், 400 ஆண்டுகளாக நல்லதுதான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் கேட்பீர்களா மாட்டீர்களா? நேர்மையான தலைவர் என்றால் கேட்டே ஆக வேண்டும்.

என் தாத்தா கிராமக் கணக்குப்பிள்ளை. அவருடைய அப்பாவும் அதே. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது வீட்டில் சாவு விழுந்தது போல இருந்ததாக அம்மா சொல்வார். தாத்தா ஒரு பைசா வாங்காதவர், ஊர் நிலம் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். அவருக்கு அது பெரிய வலி. அதே சமயம், அந்த நாற்காலியில் எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது என்று இருந்தது சரியா? சரியில்லை. பதவி போனது நியாயம், தாத்தாவின் வலியும் நியாயம். நான் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

மாயாவிக்கும் லுவாகாவுக்கும் நடுவே அந்த மோதல் வேண்டும். லுவாகா வில்லன் இல்லை. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்ச நேரம் அவர் சொல்வதுதான் சரி என்று படவேண்டும்.

22 ஜனவரி

"அப்போ வில்லன் யாரு?" 1960 ஜூலையில் காங்கோவிலிருந்து கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோவதாக அறிவித்தது. அங்கே செம்புச் சுரங்கங்கள் இருந்தன, பெல்ஜியச் சுரங்கக் கம்பெனியின் ஆதரவு இருந்தது, கூலிப்படை வந்து இறங்கியது. 1963 ஜனவரி வரை அது நீடித்தது. பங்கல்லாவிலும் அப்படி ஒரு மாகாணம், ஒரு கம்பெனி, கப்பலில் வந்து இறங்கும் கூலிப்படை. கொள்ளையர் கொடி பறக்காத கொள்ளைக் கப்பல்.

சிங் சகோதரர்கள் என்ற கொள்ளையர் கூட்டத்தின் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டும். எத்தனையோ கோடிப் பேருடைய பெயரை ஒரு கொள்ளைக் கூட்டத்துக்கு வைத்தது 1936-லேயே தவறுதான். 1996 படம் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி செங் என்று ஆக்கியது. அது போதாது.

28 ஜனவரி

என் படத்தில் அடுத்த மாயாவியாக வருவது மகன் இல்லை, மகள். இதற்கு வரும் எதிர்ப்பை முழுதும் படித்தேன். "எல்லாப் படத்திலும் இதைத்தான் செய்கிறார்கள்" என்கிறார்கள். மற்றப் படங்களை விடுங்கள். மாயாவி கதையில் இதற்கு வேர் இருக்கிறது. 17ஆவது மாயாவி காயம்பட்டுக் கிடந்தபோது அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி அதே உடையைப் போட்டுக்கொண்டு காட்டைக் காத்தார். இப்போதைய மாயாவிக்கு 1979-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, கிட் என்ற மகனும் ஹெலோயிஸ் என்ற மகளும். செய்தித்தாள் தொடரை இப்போது எழுதுபவர்களே ஹெலோயிஸைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். ஆகவே இது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது ஆகாது. காலக்கணக்கு இடிக்கும் என்பது தெரியும். 1960களில் மகள் வளர்ந்தவளாக இருக்க வேண்டுமென்றால் வரிசையை மாற்றத்தான் வேண்டும், மாற்றலாம்.

கதைக்கும் இது உதவுகிறது. பழைய மாயாவி சாகிறார். மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை உடைக்குள் ஆளே இல்லை. அந்த இடைவெளியில் மாயாவி உயிரோடு இருப்பதாகக் காடு முழுக்க நம்ப வைக்க வேண்டியது பந்தார்களின் வேலை. ஒருவர் உடையை மாட்டிக்கொண்டு தூரத்து மேட்டில் குதிரைமேல் நிற்கிறார். இன்னொருவர் கொள்ளையன் தாடையில் மண்டை ஓட்டு முத்திரை பதிக்கிறார். முரசு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. படத்தின் முதல் அரைமணி நேரத்தில் மாயாவியே இல்லை, ஆனால் மாயாவி எல்லா இடத்திலும் இருக்கிறார். இதை எழுதும்போதே எனக்கு உட்கார முடியவில்லை.

29 ஜனவரி

சத்தியம் பற்றி. அப்பாவைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் கை வைத்து, கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி இவற்றை அழிக்க வாழ்நாளைக் கொடுப்பதாக முதல் மாயாவி சத்தியம் செய்தார். பிள்ளைகளும் தொடர்வார்கள் என்று அவர்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார். மகள் அந்தக் கடைசி வரியைச் சொல்லக் கூடாது. மற்றதெல்லாம் அப்படியே, அது மட்டும் வேண்டாம்.

3 பிப்ரவரி

இசை, நடிகர் தேர்வு. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் அக்கா, பாக்கா, ம்புட்டி, ட்வா என்று உண்மையான மக்கள் இருக்கிறார்கள். அக்கா மக்கள் பல குரல்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பாடும் முறையை 2003-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் தொடங்குவார், எங்கே அடுத்தவர் சேர்ந்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பந்தார் கற்பனை இனம்தான். ஆனாலும் படம் எடுப்பவர்கள் அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து, பாடுபவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் உரிய பணமும் பெயரும் கொடுத்துச் செய்ய வேண்டும். உயரத்தைக் கணினியில் குறைத்துக் காட்டும் வேலை வேண்டாம். குரன்தான் படத்தின் முதன்மைப் பாத்திரம். போஸ்டரில் அவர் பெயர் முதலில் வரட்டும்.

11 பிப்ரவரி

மாயாவியின் மனைவி டயானாவை எல்லாரும் மறந்துவிட்டோம் என்று ஒரு தோழி சொன்னார். நான் மறக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்தக் கதையில் மிகக் கடினமான இடம் அவருடையது.

சித்திரக்கதையில் டயானா ஐ.நா.வில் வேலை பார்ப்பவர். திருமணம் 1977-ல்தான் நடந்தது, அதாவது தொடர் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் அவரைக் காக்க வைத்தார்கள். என் படத்தில் அவர் உயிரோடு இருக்கிறார், மகள் போவதை எதிர்க்கிறார். கணவர் உடம்பில் இருந்த ஒவ்வொரு தழும்பும் அவருக்குத் தெரியும். அவர் சண்டை போடுவது குரனோடு. "என் பிள்ளையைப் பிறப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள நீங்கள் யார்?" என்று கேட்கிறார். லுவாகா கேட்ட அதே கேள்விதான், ஆனால் இது வீட்டுக்குள்ளிருந்து வருகிறது.

குரன் என்ன பதில் சொல்வார் என்று பல நாளாக எழுதிப் பார்க்கிறேன். காட்டுப் பழமொழி எதுவும் இங்கே உதவாது. "உங்கள் மகள் வேண்டாம் என்றால் நாங்கள் வேறு ஒருவரைத் தேடுவோம், முதல் முறையும் அப்படித்தான் தேடினோம்" என்பதுதான் இப்போதைக்கு என்னிடம் இருக்கும் வசனம். மகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இதைவிட நல்ல பதில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.